வீட்டுக்காரர் மேலே இருக்கிறார்

“புகார்ப் புத்தகத்தை எடுங்க,” என்றாள் அந்தப் பிரேசில்காரப் பெண்.

காப்பிக் கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

போர்த்தோ நகர ரயிலடிக்கு எதிரே இருக்கிற சின்ன விடுதி எங்களுடையது. கீழே காப்பிக் கடை, மேலே அறைகள். கடைக் கல்லாவின் கோடியில் நின்றுதான் சாவி வாங்க வேண்டும். கடையில் எந்நேரமும் ஆம்பிளைக் கூட்டம். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருவார்கள்.

சாவி கொடுப்பது தோனா லுசீந்தா. அறுபதை நெருங்கியவள். மீன் விற்கிற குரல். நான் மேலே அறை கூட்டுகிறவள்.

முதலாளி பல்தசார் ஓடி வந்தார். அந்தச் சிவப்புப் புத்தகத்தைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எழுதினால் ஒரு தாள் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

“என்னம்மா குறை?”

“நான் தனியா வந்திருக்கேன். ஒரு ஆளுக்குத்தான் ரூம் போட்டேன். இந்தம்மா சாவியைக் கையில வெச்சுக்கிட்டு, ‘உன் வீட்டுக்காரர் அப்பவே வந்துட்டார், மேல தூங்குறார்’னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்துறாங்க. எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னேன். ‘உங்க சண்டையை ரூம்ல போய் வெச்சுக்கங்க’ங்கிறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. புருஷன் இல்லாம ஒருத்தி ஊர் பாக்க வரக் கூடாதா?”

முதலாளி தோனா லுசீந்தாவிடம் திரும்பினார். “இது மூணாவது புகார். எதுக்கு அப்படிச் சொன்னே?”

“வாயில வந்துது. சொன்னேன்.”

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அந்த வாய் என்னை மட்டும் விட்டதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆறு மாசக் குழந்தை தொமேயை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தேன். கடை நடுவில் நிறுத்தி, “இது நேலியா. இவ புருஷன் சந்தையில கசாப்புக் கடை வெச்சிருக்கான். கை ஒவ்வொண்ணும் இவ்ளோ தண்டி,” என்று கத்தினாள்.

எனக்குப் புருஷனே கிடையாது. குழந்தைக்கு அப்பன் யார் என்று கேட்டுக் கேட்டுத்தான் சொந்த ஊரில் என்னை இருக்க விடவில்லை. அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதோடு விட்டாளா? தினமும் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, “சீக்கிரம் போ, உன் ஆள் கத்தியோட முக்குல நிக்கிறான்,” என்பாள். கடை சிரிக்கும்.

பிரேசில்காரப் பெண் புகார் எழுதிய அன்றே லுசீந்தாவுக்கு வேலை போயிற்று. செருப்பு, குவளை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட காரணத்தையாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“இத்தனை பேர் நடுவுல காரணத்தைச் சொன்னா காரியம் கெட்டுடும், பொண்ணே.”

எனக்குப் புரியவில்லை.

அவள் போனதும் முதலாளி காப்பி ஊற்றிக்கொண்டே, “பொய்யிலேயே பொழைச்சவ. இந்த நேலியாவுக்கே ஒரு கசாப்புக்காரனைக் கட்டி வெச்சாளே, எவனாவது அவனைப் பாத்திருக்கீங்களா?” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, வெளுத்த விரிப்புகளைக் கொண்டுவருகிற ரொஜேரியோ மூட்டையோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தான். எப்போதும் வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறவன்.

“கசாப்புக்காரன் யாரும் இல்லையாமே,” என்றான். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டான்.

தரை துடைத்த தண்ணீரை வாளியோடு அவன்மேல் கவிழ்த்துவிட்டு இறங்கி ஓடினேன்.

கீழ்ப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது. இரண்டு வருஷம். கடை ஆட்களில் ஒருத்தன்கூட என்னைத் தேடி மாடி ஏறி வந்ததில்லை.

புது ஆள் கிடைக்கும்வரை என்னையே சாவி கொடுக்கச் சொன்னார் முதலாளி. “பேரை எழுது, சாவியைக் கொடு. வேற வாயைத் திறக்காதே. இன்னொரு புகார் வந்துது, நீயும் புள்ளையைத் தூக்கிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.”

மூன்றாம் நாள் மதிய ரயிலில் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். முதுகில் பெரிய பை. கூட யாரும் இல்லை.

கடையில் பேச்சு நின்றது. ஒருவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

“எத்தனாம் நம்பர் ரூம் கொடுக்கப் போறே, நேலியா?” என்றான் ரொஜேரியோ, அவளைப் பார்த்துக்கொண்டே.

நான் அவள் பேரை எழுதினேன். எழுத்து கோணிப்போயிற்று. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பின்னறையில் தொமே கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

என் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்று எல்லாரும் சொல்வார்கள்.

“உங்க வீட்டுக்காரர் அப்பவே வந்துட்டாரு,” என்று கத்தினேன். “மேல குளிச்சிட்டிருக்காரு. அவரோட போலீஸ் சட்டையை இஸ்திரி போட்டாச்சுன்னு சொல்லிடுங்க.”

ரொஜேரியோ குனிந்து காப்பிக் குவளைக்குள் பார்த்தான். நாற்காலி பழையபடி திரும்பியது.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. நீட்டிய சாவியை அவள் வாங்கவில்லை.

“புகார்ப் புத்தகம் எங்கே?” என்றாள்.

எடுத்து அவள் முன்னால் வைத்து, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தேன்.