எழுதிப் பார்க்கும் தாள்

அந்தத் தாளை மட்டும் அவள் பார்க்கவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தாள், பசை டப்பாவைப் பார்த்தாள், ஸ்டேஷனரி கடைக்காரரின் வழுக்கையைக்கூட இரண்டு தடவை பார்த்தாள்.

ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? வேண்டிய பொருள்மேல் கண்ணை வைத்தால் விலை ஏணி வைத்து ஏறும். வேண்டாததை விலை கேட்டால், வேண்டியது தானாக மடியில் வந்து விழும்.

"இந்த ஸ்கேல் என்ன விலைண்ணே?"

"ஸ்கேல் கிடக்கட்டும்மா. நல்ல பேனா இருக்கு பாரு. அந்தத் தாள்லயே எழுதிப் பாத்துக்கோ."

கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் பேனாவை எழுதிப் பார்க்கச் சுவரில் ஒட்டிவைத்த பெரிய தாள் அது. சுழிக்குள் சுழி, பாதியில் ஓடிப்போன கையெழுத்துகள், சிவப்பில் ஒரு கோழிச் சண்டை, நீலத்தில் ஒரு புயல். நூறு பேர் கிறுக்கியிருந்தும் எல்லாக் கோடும் ஒரே காற்றில் சாய்ந்த பயிர் போல இடப்பக்கமே சாய்ந்திருந்தன. அடடா, ஊருக்கே ஒரே தாளம்! கட்டுரைக்கு முதல் வரி தயார்.

டிசைன் கல்லூரியில் அவளுக்கு இரண்டாம் வருஷம். வடிவமைப்பு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் 'கத்திரி'. 'தெருவில் தானாக விளைந்த வடிவமைப்பு ஒன்றைக் கட்டுரையோடு கொண்டு வா, யாரோ திட்டம் போட்டுச் செய்தது என்று தெரிந்தால் முட்டை' என்பது அவர் உத்தரவு. துருப்பிடித்த ஷட்டரைப் படம் எடுத்துப் போனாள். கத்தரித்தார். டீக்கடை மேஜையின் கிளாஸ் வட்டங்களைக் கொண்டு போனாள். "இது போன வருஷமே ஆறு பேர் குடிச்ச டீ" என்று அதையும் கத்தரித்தார். இன்றைக்கு நாலு மணிக்குள் மூன்றாவது தேறாவிட்டால், இதே வகுப்பில் இன்னொரு வருஷம் பெஞ்சு தேய்க்க வேண்டியதுதான்.

"எழுதிப் பாரும்மா."

"ஐயோ, வேண்டாம்ணே!" அந்தத் தாளில் இன்னொரு கோடா? அவள் பேனாவைக் காற்றில் இரண்டு இழுப்பு இழுத்தாள். "சூப்பரா எழுதுது."

"காத்துலயா?"

"எனக்குத் தெரியும்ணே. இதைச் சுத்திக் குடுங்க. நல்ல பேப்பர் எதுக்கு வீணா? அந்தக் குப்பைத் தாள் போதும்."

"குப்பைங்காதம்மா. ரெண்டு மாசமா என் கடைக்கு வந்தவங்க கை பட்ட தாள். ஒத்தப் பேனாவுக்கு அதைப் பிய்ச்சா, என்னை நானே முட்டாள்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"சரி, ரெண்டு பேனா."

"ரெண்டைக் காதுக்கு ஒண்ணாச் சொருகிட்டுப் போலாமே. சுத்தறதுக்குன்னு ஒரு உருப்படி வேணாமா?" கடைக்காரர் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். அவருக்கு முன்னால் தூசி எழுந்து வந்தது. "இதை எடுத்துக்கோ. தாராளமாச் சுத்தித் தரேன்."

பெட்டிக்குள் நூறு பேனா. நூறும் பழுப்பு மை.

"பழுப்பா? இதுல லவ் லெட்டர் எழுதினா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும்ணே!"

"நல்லதாப் போச்சு. பதில் கட்டாயம் வரும்."

"பாதி விலைன்னா எடுத்துக்கறேன்."

"பாதி விலைன்னா பாதித் தாள்" என்று அவர் தாளின் நடுவில் விரலை வைத்தார்.

"கிழிக்காதீங்க!"

தெரு நாய் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். ஜவுளிக்கடை ரத்தம் அத்தனையும் அந்த ஒரு கத்தலில் வடிந்துபோனது. அப்புறம் பேரம் ஏது? முழு விலை, அந்த மாசத்துச் சினிமாவும் ஐஸ்கிரீமும் பெட்டிக்குள் போயின.

கடைக்காரர் மனைவி உள்ளேயிருந்து வந்து, இடது கையால் சர்ரென்று ரசீது எழுதி நீட்டினாள். "படிக்கிற பிள்ளையா? நல்லா வருவே, போ."

"அக்கா, சுத்த வேண்டாம், மடிச்சிடாதீங்க, மெதுவா சுருட்டிக் குடுங்க!"

குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தெருவில் அவள் நடக்கவில்லை, மிதந்தாள். எதிரே வந்த தபால்காரருக்கு இரண்டு பழுப்புப் பேனா. குடை ரிப்பேர்காரருக்கு நாலு. "எதுக்கும்மா?" என்றவரிடம், "நான் பாஸ்!" என்றாள். கத்திரியே கத்திரியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டப் போகிறார்!

தெருமுனையில்தான் நினைவு வந்தது. எடுத்த இடத்தையும் படம் பிடித்து ஒட்டாவிட்டால் கத்திரி ஏற்க மாட்டார். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைத் திறந்தபடியே ஓடி வந்தாள்.

கல்லாவில் ஆள் இல்லை. சுவரில் தாள் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. போனைத் தூக்கிக் குறி பார்த்தபோது, உள்ளே கடைக்காரர் மனைவியிடம் குஷியாகச் சொல்வது கேட்டது.

"கண்ணு, இன்னும் மூணு பெட்டி இருக்கு. அடுத்த தாளைக் கிறுக்க ஆரம்பி!"