பதினோராவது இரவு இலவசம்

"வெண்ணிலா லொட்ஜோ? அங்க பேன் சுத்தினா, கூடவே கட்டிலும் சுத்தும் ஐயா!"

திருகோணமலை உட்துறைமுக வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருந்த யோகலிங்கம் இப்படிச் சொன்னதும் கனகசுந்தரத்தாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கொழும்பு பஸ்ஸுக்கு இடம் பதிய வந்த மனிதரிடம், அங்கே எந்த லொட்ஜில் தங்கப் போகிறீர்கள் என்று துருவ இவர் யார்?

"நான் பத்து இரவு தங்கினனான். ஒரு நாளும் கட்டில் சுத்தேல்லை," என்றார்.

"மூட்டைப்பூச்சி?"

"அது எங்கயும் இருக்குந்தானே."

"வெண்ணிலாவில தங்குற தமிழ் ஆக்களைப் போல அதுகளுக்கும் பொலிஸ் பதிவே இருக்கு. நீங்கள் பவளம் லொட்ஜுக்குப் போங்கோ. நானே சொல்லிவிடுறன்."

கனகசுந்தரத்தார் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் மட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வெண்ணிலா லொட்ஜின் 'தங்க அட்டை'. ஓர் இரவு தங்கினால் ஒரு வாத்து முத்திரை குத்துவார்கள். பத்து வாத்துச் சேர்ந்தால் பதினோராவது இரவு இலவசம். அவரிடம் பத்தும் சேர்ந்திருந்தன.

"பவளத்திலயும் அட்டை இருக்கு," என்றார் யோகலிங்கம் விடாமல். "அஞ்சு இரவுக்கு ஒரு காலைச் சாப்பாடு. இடியப்பமும் சொதியும்."

"பத்து வாத்தை விட்டிட்டு இடியப்பத்துக்குப் பின்னால போக எனக்கென்ன விசரே?"

வெளியே வந்ததும் மனைவி கமலாதேவி முணுமுணுத்தார்.

"கொழும்புக்குப் போற ஒருத்தரையும் இந்தாள் விடுறதில்லை. போன மாசம் தங்கரத்தினம் டீச்சரையும் பவளத்துக்குத்தான் தள்ளினவர். நல்ல கொமிஷன் போல."

"சனம் படுற பாட்டில இவருக்கு வியாபாரம்," என்று கனகசுந்தரத்தார் காறித் துப்பினார்.

கமலாதேவிக்குப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசா நேர்முகம். கனடாவில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் முதல் பிரசவம். இதைத் தவறவிட்டால் அடுத்த திகதி கிடைப்பதற்குள் பிள்ளை தவழத் தொடங்கிவிடும்.

செவ்வாய் காலை பஸ் ஏறினார்கள். ஹபரணைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்ட சிப்பாயிடம், கனகசுந்தரத்தார் பதற்றத்தில் தங்க அட்டையை நீட்டிவிட்டார். சிப்பாய் வாத்துகளைப் பார்த்தான். மட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். கமலாதேவி சரியான அட்டையைத் தேடியெடுக்கும்வரை இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கனகசுந்தரத்தாருக்கு மானம் போனது. ஆனாலும் வாத்துகள் பத்திரமாகத் திரும்பி வந்ததில் ஒரு நிம்மதி.

வெண்ணிலாவில் அன்றிரவு அவர் ராசா மாதிரித் தூங்கினார். இலவசம் என்றால் மூட்டைப்பூச்சி கடித்தாலும் உறைக்காது.

விடிய ஐந்து மணிக்குச் சுற்றிவளைப்பு. போர் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் தமிழர் தங்கிய லொட்ஜுகளுக்கு இது பால்காரன் வருவது போல. எல்லாரையும் பொலிஸ் வாகனத்தில் ஏறச் சொன்னார்கள்.

"தம்பி, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இவவுக்கு ஒன்பது மணிக்கு நேர்முகம்!" என்று கனகசுந்தரத்தார் வெண்ணிலா மனேஜரிடம் கெஞ்சினார்.

மனேஜர் கையை நீட்டினார். "அறைத் திறப்பைத் தாங்கோ ஐயா."

திறப்போடு தங்க அட்டையையும் வாங்கி, அதை இரண்டாகக் கிழித்தார்.

"இலவச இரவு முடிஞ்சுது. திரும்பி வந்தா அது அடுத்த நாள்."

பொலிஸ் நிலையத்தில் அறுபது பேரோடு தரையில் இருந்தார்கள். ஏழு மணியாகியும் ஒருவரும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேர்முகக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கமலாதேவி அழத் தொடங்கினார்.

"திருகோணமலை கனகசுந்தரம் ஐயா ஆர்?"

வாசலில் சுடுதண்ணிப் போத்தலும் கையுமாக ஒருவர் நின்றார். பவளம் லொட்ஜ் மனேஜர் கலீலுர் றஹ்மான். கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சரளமான சிங்களத்தில் கதைத்தார். இந்த இருவரையும் தனக்குப் பல வருடமாகத் தெரியும் என்று ஒரு பெரிய பொய்யைச் சொல்லி, தன் அடையாள அட்டையைப் பிணையாக வைத்தார். எட்டு மணிக்கு மூவரும் ஓட்டோவில் ஏறினார்கள்.

"நாங்கள் உங்கட லொட்ஜில தங்கேல்லையே..." என்று கமலாதேவி, அவர் போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தபடி இழுத்தார்.

"தெரியும் அம்மா. யோகலிங்கம் ஐயா நேற்றே போன் எடுத்துச் சொன்னவர், 'ரெண்டு பேர் வாத்துக்குப் பின்னால போயிட்டினம், வெண்ணிலாப் பக்கம் ஒரு கண் வையுங்கோ' எண்டு. காலை பஸ்ஸில ஏறின ஆக்கள்ர பேரை ஒவ்வொரு பின்னேரமும் எனக்குச் சொல்லுவார். விடிய ஆறு மணிக்குத் திரும்ப எடுத்து, எல்லாரும் இருக்கினமோ எண்டு கேட்பார். ஒருத்தர் குறைஞ்சாலும் நான் பொலிஸ் பொலிஸாத் தேடிப் போகவேணும்."

எட்டே முக்காலுக்கு ஓட்டோ தூதரக வாசலில் நின்றது. கமலாதேவி கடிதத்தோடு உள்ளே ஓடினார்.

கனகசுந்தரத்தாருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வந்ததோ வேறு.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இவ்வளவு ஆக்களை அனுப்புறதுக்கு, நீங்கள் யோகலிங்கத்துக்குக் கொமிஷன் ஏதும்...?"

"கொமிஷனோ?" றஹ்மான் அவரை ஒரு கணம் பார்த்தார். "அவர்ர தம்பி கொழும்புக்கு வந்த இடத்தில காணாமல் போனவர் ஐயா. தேடி வந்த மனிசனுக்கு, அந்தப் பொடியன் எந்த லொட்ஜில தங்கினது எண்டே கடைசிவரைக்கும் தெரியேல்லை."