ஒரு போல்ட்டைக் காணோம்

காலையில் மெக்கானிக் தன் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். “என்னை உன் அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடு” என்று அவள் பையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்கும் வீம்பு, உடனே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று. கழற்றிப் போட்டிருந்த காரில் இன்ஜினுக்குள் காற்றை அனுப்பும் குழாயான புது இன்டேக் மேனிஃபோல்டை மாட்டப் போனால், ஒரு போல்ட்டைக் காணோம்.

“இன்னுமா முடியல?” மனைவி மறுபடியும் வந்து நின்றாள். “அத்தை எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாங்க?”

“நச்சரிக்காதே! போல்ட்டைக் காணோம்.”

“வேற போடுங்களேன்.”

“இன்ஜின் ஓட்டையில துணி அடைக்க மறந்துட்டேன். அது உள்ள விழுந்திருந்தா, ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜினே காலி.”

வண்டிக்கு அடியில் புகுந்தான். போல்ட்டுகளைப் போட்டு வைத்திருந்த தட்டைக் கவிழ்த்தான். ஓட்டைக்குள் காந்தம் விட்டுத் துழாவினான். கடைசியில் வாசலுக்குப் போய், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, “இன்னைக்கு வண்டி எடுக்க முடியாது” என்றான்.

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மனைவி கதவை மெல்லச் சாத்திவிட்டு, மூடியிருந்த கையை அவன் முன்னால் விரித்தாள். போல்ட்!

“அடிப்பாவி! நீயா?”

“முதல்ல போய் அத்தைகிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்று கையை மறுபடி மூடிக்கொண்டாள். “அப்புறமும் அவங்க கிளம்பறேன்னு சொன்னா, வந்து வாங்கிக்கங்க.”