இறங்கும் ஆறு

வசந்த வெயிலில் ஆண்டிஸ் பனி உருகும் நாட்களில், மதியம் சாய்ந்தால் ஆறு ஏறித்தான் ஆக வேண்டும். இன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்தே தேநீர்க் குவளையோடு கரையில் நிற்கும் ரொசால்பா, சற்றுமுன் மூழ்கிக் கிடந்த பாறைகள் ஒவ்வொன்றாக முதுகு காட்டுவதையே பார்க்கிறாள். பாறைப் பாசி வெயிலில் மினுங்குகிறது. நடு ஆற்றில் அவள் கொழுந்தன் எலியாசர் தூண்டில் கம்பை வீசுகிறான். இறகால் கட்டிய பொய்ப்பூச்சி காற்றில் வளைந்து போய்ப் பள்ளத்து நீரில் மெல்ல உட்காருகிறது. இடுப்பளவு நின்ற தண்ணீர் இப்போது அவன் முழங்காலைத் தொடவில்லை.

“தம்பி, கரைக்கு வா! மேல எங்கயோ மலை சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. அது உடைஞ்சா அவ்வளவுதான்!” இரைச்சலை மீறிக் கத்துகிறாள்.

“தண்ணி ஏறினாலும் புலம்பல், இறங்கினாலும் புலம்பலா அண்ணி?” அவனும் சிரித்துக்கொண்டே கத்துகிறான். அந்த நேரம் பார்த்துப் பெரிய டிரவுட் மீன் ஒன்று கவ்வுகிறது. கம்பு வில்லாய் வளைகிறது.

“நூலை அறுத்துட்டு ஓடி வா!”

“இவ்வளவு பெரிசையா? ஒரே நிமிஷம் அண்ணி.”

கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் போலத்தான் சொல்கிறான். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆற்றில் இரைச்சலே இல்லை.