விரிந்தது வீடு

மடித்து லாரியில் ஏற்றிவந்து மனையில் இறக்கினால் தானே விரியும் வீடு ஒன்றை வாங்க, மனைவி கோமளவல்லியுடன் கடைக்கு வந்த தில்லைநாயகம் கையோடு திசைகாட்டியும் கொண்டுவந்திருந்தார். சமையலறை தென்கிழக்கில் வருமா, தங்கள் மனைக்கு லாரி நுழையச் சந்து போதுமா என்று விற்பனைப் பெண்ணைத் துருவித் துருவிக் கேட்டார்.

“ரெண்டு பேரும் உள்ள போய் நில்லுங்க சார். உங்க மனசுக்கு ஏத்த மாதிரி வீடே விரியும்” என்றாள் அவள்.

வலதுகாலை எடுத்து வைத்து நுழைந்தார்கள். சுவர்கள் மெல்ல நகர்ந்தன. கிழக்குக் கோடியில் ஒரு படுக்கையறை, மேற்குக் கோடியில் இன்னொன்று. நடுவில் நீளமாய் ஒரு கூடம்.

“மெஷின்ல ஏதோ கோளாறுங்க. நாங்க முப்பது வருஷமா ஒரே ரூம்லதான் படுக்கறோம்” என்று சிரித்தார் தில்லைநாயகம்.

கோமளவல்லி மேற்கு அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பனைப் பெண்ணை அருகே அழைத்து மெதுவாகக் கேட்டாள்:

“ஏன் கண்ணு, இந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதா?”