எட்டு ஓம் ஸ்பீக்கர்

தொல்லை கொடுக்கிற ஸ்பீக்கர் ஜோடியை எடுத்துக்கொண்டு நல்ல ஜோடியைக் கொடுத்துவிட்டுப் போகிற ரிப்பேர்க்காரர் உலகத்தில் உண்டா? அதுவும் சும்மா?

சின்னவருக்கு அந்த நிமிடமே பொறி தட்டியது. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்ப்பவர். பஞ்சு கேட்டு வரும் நர்சைக்கூட மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் பஞ்சை எடுத்து வைப்பார். வேலையில் தொற்றிக்கொண்ட சந்தேகம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

"இந்த ஸ்பீக்கர் எங்கேருந்து வந்தது?" என்று கேட்டார்.

"பழசுதான் சார். ஒருத்தர் வீட்ல சும்மா கிடந்தது. பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, முன்னாடி புதுத் துணி மாட்டியிருக்கேன். எட்டு ஓம். உங்க ரிசீவருக்குத் தோது இதுதான்."

"ஒருத்தர்னா யாரு?"

"அது எதுக்கு சார் உங்களுக்கு, பாட்டைக் கேளுங்க."

ரிப்பேர்க்காரர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பும் சின்னவருக்குப் பிடிக்கவில்லை.

ரிசீவரும் ஸ்பீக்கருமாக அந்தப் பாட்டு செட் அப்பா ஆசையாக வாங்கியது. அப்பா போனபிறகு அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். பாட்டு செட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. ரிசீவர் தம்பியான சின்னவருக்கு, ஸ்பீக்கர் இரண்டும் அண்ணனுக்கு. இரண்டும் சேர்ந்தால்தானே பாட்டு என்று யாராவது சொல்லியிருந்தால், அவரையும் சேர்த்துப் பாகம் பிரித்திருப்பார்கள். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

அண்ணனிடம் போய்க் கேட்பதாவது! சின்னவர் புத்தம்புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார். பார்க்க ஜோர்தான். ஆனால் நாலு ஓம். ஓம் என்பது கரன்டைத் தடுக்கிற அளவு, அது குறைந்தால் ரிசீவரிலிருந்து கரன்ட் அதிகமாக இழுக்கும், பழைய மாடல் தாங்காது, சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்று ரிப்பேர்க்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

குறைத்து வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும்? ரிசீவர் யாரிடம் இருக்கிறது என்று அண்ணனுக்கு உறைக்க வேண்டாமா? சின்னவர் முழுசாகத் திருகி வைப்பார். சரணம் தொடங்கும்போது ரிசீவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். 'டொக்'கென்று ஒரு சத்தம், பாட்டு நின்றுவிடும். தினமும் இதே கூத்து. இப்படியே போனால் உள்ளே எரிந்துவிடும், அப்புறம் அதைத் தூக்கித்தான் போட வேண்டும் என்று ரிப்பேர்க்காரர் கடைசியாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதான். சின்னவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்போது கறுப்பு ஜோடியில் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது. ரிசீவர் மேல் கை வைத்துப் பார்த்தார். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாலு ஓம் ஜோடியை வண்டியில் கட்டிய ரிப்பேர்க்காரர் கிளம்பவில்லை. நேரே போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். அண்ணன் வெளியே வந்தார். ரிப்பேர்க்காரர் காதோடு ஏதோ சொல்ல, அண்ணன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியா? ரெண்டு பேரும் கூட்டு" என்றார் மனைவியிடம்.

"கூட்டு சேர்ந்து என்ன பண்ணப் போறாங்க?"

"ரிப்பேருக்குன்னு ரிசீவர் அவன் கடையில கிடந்துச்சே, உள்ளே இருந்த நல்ல சாமானையெல்லாம் உருவி அங்கே கொடுத்திருப்பான். என் வாயை அடைக்கத்தான் இந்த ஜோடி. துணிக்குப் பின்னால என்ன குப்பை இருக்கோ, யாரு கண்டா?"

"பாட்டு நல்லாத்தானே பாடுது. உங்க சந்தேகத்துக்கு உங்க ஆஸ்பத்திரியிலயே மருந்து கிடையாதுங்க."

சின்னவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டைப் பாதியில் அணைத்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, புதுத் துணி மாட்டிய சட்டத்தை நெம்பினார். முதல் பெட்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவதைத் திறந்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஒரு ஒட்டு இருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி.

அந்தத் துணியைச் சின்னவருக்குத் தெரியும்.

பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று பென்சிலால் குத்தி ஓட்டை போட்டவர் அவர்தான், சின்னப் பையனாக இருந்தபோது. தன் பள்ளிக்கூடச் சட்டையின் ஓரத்தைக் கத்தரித்து, பசை தடவி ஒட்டியது அண்ணன். அப்பா கேட்டபோது, "நான்தான் குத்தினேன்" என்று முதுகைக் காட்டி அடி வாங்கியதும் அண்ணன்தான்.

பசை மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுவர் எழுப்பிய நாளிலிருந்து கேட்காத குரல் ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"டேய் தம்பி... பாட்டு ஏன்டா பாதியில நின்னுடுச்சு? நம்ம ஸ்பீக்கர்லயும் சூடாகுதா?"