சொல்லத் தெரியலை டாக்டர்

“என்ன பண்ணுதுன்னு சொல்லத் தெரியலை டாக்டர். உடம்பு உடம்பா இல்லை” என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“எத்தனை நாளாம்மா?”

“ரெண்டு மூணு மாசமா இருக்கும். எந்நேரமும் அசதி. சாயந்தரமானா காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு, தெர்மாமீட்டர் வெச்சா ஒண்ணுமில்லை. சாப்பாடு பிடிக்கலை.”

சின்ன டாக்டர் யோசித்தாள். இப்படி மொட்டையாகச் சொன்னால் என்னவென்று கண்டுபிடிப்பது? ரத்தசோகை என்றும் சொல்லலாம், தைராய்டு என்றும் சொல்லலாம், வெறும் கவலை என்றும் சொல்லலாம். மூலை நாற்காலியில் பெரிய டாக்டர் காலாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

உள்ளதைச் சொன்னால், அவள் இன்னும் டாக்டரே ஆகவில்லை. இது இறுதித் தேர்வு. ஏற்கனவே ஒரு தடவை கோட்டை விட்டவள். இதிலும் போனால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வந்து கடையில் உட்காரச் சொல்லிவிட்டார் அப்பா.

கட்டிலில் இருந்த அம்மாளுக்கும் ஒரு நோயும் கிடையாது. பெரிய டாக்டர் தன் பழைய கேஸ் ஒன்றை எழுதிக் கொடுக்க, அதை மனப்பாடம் செய்துகொண்டு நோயாளியாக நடிக்க வந்தவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு.

நடிப்பென்று தெரிந்தும் சின்ன டாக்டரால் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மாளின் குரல் அவளுடையதாகவே இல்லை, உள்ளேயிருந்து வேறு யாரோ பேசுவது போலிருந்தது. கண்ணும் இவள் மேல் இல்லை. இவள் தோளைத் தாண்டி மூலை நாற்காலியிலேயே நின்றது.

“தூக்கம் வருதாம்மா?”

“வருது. நடுவுல முழிச்சா தலையணை தொப்பலா நனைஞ்சிருக்கு.”

“வெயில் காலம், அப்படித்தான் வேர்க்கும்” என்று இவள் பேனாவைத் திறந்தாள். “சரிம்மா, இப்போதைக்குச் சத்து மாத்திரை எழுதித் தரேன்...”

அந்த அம்மாள் பாய்ந்து இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டர், சட்டைக் காலர் இறுகுது!”

புடவை கட்டியவளுக்கு ஏது காலர்? ஆண் நோயாளிக்கு எழுதியதை மாற்ற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சின்ன டாக்டர் நினைத்துக்கொண்டாள். ஆனால் ஏதோ பொறி தட்டியது.

“உடம்பு இளைச்சிருக்கா?”

“பாதியாயிடுச்சு டாக்டர்.”

இளைத்தால் காலர் தொளதொளவென்றல்லவா ஆக வேண்டும்? பேனாவைப் போட்டுவிட்டு அந்த அம்மாளின் கழுத்தில் விரல் வைத்தாள். “நெறி கட்டியிருக்கான்னு பார்க்கறேன்மா.” நல்ல கழுத்துதான், கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

பெரிய டாக்டர் காலாட்டுவதை நிறுத்தினார். “இருக்குன்னு வெச்சுக்கோ. வலியில்லாத கட்டிங்க. இப்ப சொல்லு, என்ன நோய்?”

“லிம்போமா சார். புற்றுநோய். கட்டியிலிருந்து சதை எடுத்து உடனே சோதிக்கணும். இப்பவே ஆரம்பிச்சா காப்பாத்திடலாம்.”

“தேறிட்டே, போ! காலையிலேர்ந்து வந்தவன் அத்தனை பேரும் சத்து மாத்திரை எழுதிட்டுப் போயிட்டான். கடைசியா வந்த நீதான் கழுத்துல கை வெச்சே.”

சின்ன டாக்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாவுக்கு உடனே போன் போட வேண்டும். ஆனால் மணிக்கட்டை அந்த அம்மாள் இன்னும் விடவில்லை. தேர்வுதான் முடிந்துவிட்டதே, இனி யாருக்காக இந்த நடிப்பு?

பெரிய டாக்டர் எழுந்து சோம்பல் முறித்தார். “பிரமாதமா பண்ணீங்கம்மா. ஆனா கேட்காம எதையும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே? அதுவும் அந்தக் காலர் சமாச்சாரம் நான் எழுதியே தரலை. எங்கேர்ந்து பிடிச்சீங்க?”

அந்த அம்மாள் இவள் கையை மெல்ல விட்டாள்.

“என் பையன் அதை உங்ககிட்ட சொன்னான் சார். அன்னிக்கும் நீங்க எழுதிக்கலை.”